ரப்பர் சீல் செய்யும் சின்ன யூனிட்டுக்கு எதற்கு "தொழில் தொடர்ச்சித் திட்டம்"?

கேள்வி என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது புதுச்சேரி சேதராப்பட்டில் பதினெட்டு பேர் வேலை செய்கிற ரப்பர் யூனிட். ராணுவ வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஓசூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்று உங்களிடம் ஓ-ரிங்கும் ஆயில் சீலும் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) வாங்குகிறது. இந்த முறை ஆர்டரைப் புதுப்பிக்கும்போது "உங்களிடம் பி.சி.பி. இருக்கிறதா, இருந்தால் அனுப்புங்கள்" என்று மெயில் வந்திருக்கிறது. தொழில் தொடர்ச்சித் திட்டம் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். கன்சல்டன்ட் ஒருவர் ஐ.எஸ்.ஓ. 22301 (தொழில் தொடர்ச்சிக்கான சர்வதேசத் தரச் சான்றிதழ்) என்று பெயர் சொல்லி எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். "இது வெறும் காகித வேலையா, நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இது தேவையா, புயல் வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராணுவத்தின் சரக்குப் பிரிவான ஆர்ட்னன்ஸ் கோரில் ஸ்டோர்கீப்பர் டெக்னிக்கலாக 17 வருடம் இருந்தேன். அப்புறம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழில் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் தரம், டெஸ்பாட்ச் இரண்டையும் பார்த்தேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். ஆக, சீலைக் கேட்டுக் காத்திருக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், சீலைக் கொடுக்க முடியாமல் முழித்த பக்கத்திலும் இருந்திருக்கிறேன்.

நேரடியாகப் பதில் சொன்னால்: சான்றிதழ் உங்களுக்குத் தேவையில்லை, ஆர்டரில் கேட்டிருந்தால் ஒழிய. திட்டம் தேவை. ஆனால் கன்சல்டன்ட் கொடுக்கப்போகும் அறுபது பக்க ஃபைலில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இருக்காது, ஏனென்றால் வெளிச் சந்தைக்குப் பொருள் விற்கிறவனுக்கும் ராணுவத்துக்குப் பொருள் கொடுக்கிறவனுக்கும் இருக்கும் முக்கியமான வித்தியாசத்தை அந்த ஃபைல்கள் தொடுவதே இல்லை. பைக் கடைக்கு சீல் செய்கிறவன், காம்பவுண்டு (சீல் செய்யும் ரப்பர் கலவை) கிடைக்கவில்லை என்றால் வேறு ஆளிடம் வாங்கி அடுத்த நாளே பிரஸ்ஸில் போட்டுவிடலாம். நீங்கள் போட முடியாது. மெஷின் நின்றால் ஒரு வாரத்தில் ஓட்டிவிடலாம், நின்றுபோன அனுமதியைத் திரும்ப வாங்க மாதக்கணக்காகும். உங்கள் திட்டம் முழுக்க அந்த மாதங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வடக்கே ஒரு டிப்போவில் இருந்தபோது ராணுவ யூனிட்களிலிருந்து சாமான் கேட்டு இன்டென்ட் வரும், லெட்ஜரைப் பார்ப்போம், சரக்கு இல்லையென்றால் "என்.ஏ." என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். எழுதுவது இரண்டே எழுத்து. அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் ஷெட்டில் ஒரு லாரி செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கும், அதன் கண்ணாடியில் "வி.ஓ.ஆர்." என்று சாக்பீஸில் எழுதியிருக்கும், ரோட்டில் ஓடாத வண்டி என்று அர்த்தம். பல லட்ச ரூபாய் வண்டி. எதற்காக நிற்கிறது என்று பார்த்தால் பவர் ஸ்டீயரிங் சீல், சில நூறு ரூபாய்க்குள் வரும் சாமான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேறொரு காரணத்துக்காக நிற்கும் வண்டியிலிருந்து அந்த சீலைக் கழற்றி இதில் போடுவார்கள். இப்போது ஒரு வண்டி ஓடும், இன்னொன்றுக்கு இரண்டு நோய். விலைப்பட்டியலில் கடைசி வரியில் இருக்கும் சாமான்தான் வண்டியை நிறுத்துகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். உங்கள் இன்வாய்ஸ் தொகையை வைத்து உங்கள் முக்கியத்துவத்தை எடைபோடாதீர்கள்.

இன்னொன்று, அங்கே எல்லாவற்றையும் நாளில்தான் கணக்குப் போடுவார்கள். எத்தனை டன் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை நாளுக்கு வரும் என்பார்கள். 2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை அப்போது பெரிய சத்தத்தைக் கிளப்பியது. தீவிரப் போர் நடந்தால் 40 நாளுக்கு வெடிமருந்து கையிருப்பு இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் பரிசோதித்த 152 வகைகளில் 61 வகை 10 நாளுக்குக்கூடத் தாங்காது என்று அதில் இருந்தது. லடாக்கில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் ஸ்ரீநகர் வழி போய்விடும், அதனால் வெயில் காலத்திலேயே அரிசி, மண்ணெண்ணெய், உதிரிப் பாகம் என எல்லாவற்றையும் ஏற்றி அடுக்கிவிடுவார்கள். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை மணாலி வழியைக் கொஞ்சம் சுலபமாக்கியது, ஆனாலும் அதைத் தாண்டி மேலே இன்னும் கணவாய்கள் இருக்கின்றன. (சாதாரண டீசலே அந்தக் குளிரில் கெட்டிப்பட்டுவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலந்துதான் சமாளித்தார்கள்.) இப்போது உங்கள் சீல் செப்டம்பரில் போய்ச் சேர வேண்டியது டிசம்பரில் சேர்கிறது என்று வையுங்கள். உங்கள் கணக்கில் மூன்று மாதத் தாமதம். அந்த லாரிக்கு அது அடுத்த வெயில் காலம். விமானத்தில் கொண்டுபோகலாம், கொண்டுபோகவும் செய்கிறார்கள், ஆனால் அந்த விமானத்தில் இடத்துக்கு உங்கள் சீல் யாரோடெல்லாம் போட்டி போட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை, ஊருக்குள் படகில் ஆட்களை மீட்க ராணுவமே வந்தது, உங்களுக்குத் தெரியாதது இல்லை. நான் இருந்த யூனிட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அங்கே ஒரு ஃபைல் இருந்தது, தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார் என்பதற்காக நாங்களே எழுதி வைத்த தொடர்ச்சித் திட்டம், அழகான ஸ்பைரல் பைண்டிங். அதில் என்ன எழுதியிருந்தோம், என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

"கரண்ட் போனால் ஜெனரேட்டர்." ஜெனரேட்டர் இருந்தது, தண்ணீருக்குள் இருந்தது. 

"காம்பவுண்டு கிடைக்காவிட்டால் மாற்று சப்ளையர்." மாற்று சப்ளையர் இருந்தார், அதே எஸ்டேட்டில், இரண்டு தெரு தள்ளி, அதே தண்ணீரில். 

"சாலை அடைபட்டால் மாற்று வழி." இதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டதில் தென்பெண்ணை பொங்கி, டிசம்பர் 2, 3 தேதிகளில் கடலூர்–புதுச்சேரி சாலையில் போக்குவரத்து நின்றது, விழுப்புரம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை தண்ணீரில் மூழ்கியது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயிலையும் நிறுத்தினார்கள். ஃபைலில் முதல் வழி, இரண்டாம் வழி, மூன்றாம் வழி என்று வரிசையாகப் போட்டிருந்தோம். மூன்றும் அந்த ஒரே மழையில் போய்விட்டன. மாற்று என்று எழுதும்போது, முதலாவதைக் கெடுக்கும் அதே சங்கதி இதையும் கெடுக்குமா என்று கேட்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை, வெறுமனே எண்ணிக்கையைக் காட்டினோம்.

மெஷின்கள் ஒன்பதாவது நாள் ஓடின. பேனல் போர்டைக் கழற்றி, மோட்டார்களை ரீவைண்டிங் கடைக்கு அனுப்பி, ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தோம். முதலாளி சாமி கும்பிட்டு, எல்லோருக்கும் பொட்டுக்கடலை சர்க்கரை கொடுத்தார். உண்மையான வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது.

சீலுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளான மோல்டுகளைக் கீழ்த் தட்டில் வைத்திருந்தோம். ஏன் என்றால் அவை கனம், தூக்க முடியாது, எல்லா யூனிட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள், உங்கள் யூனிட்டிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் உப்பும் சேறும் கலந்த தண்ணீரில் ஊறி, துருப்பிடித்து, எமரி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். பைக் சீல் மோல்டுகளுக்கு அது போதும். ராணுவ ஆர்டர் மோல்டு ஒன்றில் தேய்த்ததில் பள்ளத்தின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு கூடிவிட்டது. அளவு பார்க்கும் பிளக் கேஜும் துரு, அதன் காலிபரேஷன் சான்றிதழ் சேற்றில். ஆக, புது மோல்டு, புது கேஜ், திரும்பவும் அட்வான்ஸ் சாம்பிள், அதாவது மொத்தமாகச் செய்யும் முன் அனுமதிக்காகக் கொடுக்கும் மாதிரி. சாம்பிளை எண்ணெயில் ஊறவைத்து, சூட்டில் வைத்து, வீக்கம் பார்த்து, கடினம் பார்த்து, இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போட்டு, பல்க் புரொடக்‌ஷன் கிளியரன்ஸ் (மொத்தமாகச் செய்ய அனுமதி) வரும்வரை ஒரு சீல்கூட அனுப்ப முடியாது. டிசம்பர் 9-ஆம் தேதி மெஷின் ரெடி. முதல் பெட்டி கிளம்பியது ஏப்ரலில்.

இப்போது புரிகிறதா நான் ஏன் அனுமதி, அனுமதி என்று அடித்துக்கொள்கிறேன் என்று? ராணுவப் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஏ.எச்.எஸ்.பி. என்று ஒரு அதிகாரமையம் உண்டு, அந்தப் பாகத்தின் வரைபடமும் விவரக்குறிப்பும் அவர்கள் கையில். நீங்களாகக் காம்பவுண்டை மாற்ற முடியாது, உங்கள் ஓசூர் கம்பெனியும் மாற்ற முடியாது. பொருளோடு இன்ஸ்பெக்‌ஷன் நோட், நம் ஆட்கள் ஐ-நோட் என்பார்கள், அது போகாவிட்டால் டிப்போ கேட்டில் பெட்டியை இறக்கவே விடமாட்டார்கள். நான் அந்த கேட்டில் நின்றவன், பெட்டிக்குள் தங்கமே இருந்தாலும் ஐ-நோட் இல்லாமல் வாங்க மாட்டேன்.

அதனால் உங்கள் திட்டத்தில் முதல் பக்கம் இப்படி இருக்கட்டும். ராணுவ ஆர்டர் சீல் ஒவ்வொன்றுக்கும், அதைச் செய்யத் தேவையான ஒவ்வொரு சாமானுக்கும் – காம்பவுண்டு, மோல்டு, கேஜ், சீலை மறுபடி சூட்டில் வேகவைக்கும் போஸ்ட் கியூரிங் அடுப்பு, அதை ஓட்டத் தெரிந்த ஆள், டெஸ்ட் லேப் – இது போனால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதுங்கள். வாங்கும் நாளை எழுதாதீர்கள், அனுமதி கிடைக்கும் நாளை எழுதுங்கள். பக்கத்தில், வாங்குகிறவரிடம் அந்த சீல் எத்தனை நாளுக்குக் கையிருப்பு இருக்கிறது என்று எழுதுங்கள். இது உங்களுக்குத் தெரியாது, போன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்கும் தெரியாது என்று அர்த்தம், அதுவே ஒரு செய்தி. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் இடங்கள்தான் உங்கள் திட்டம். மற்றதற்கெல்லாம் ஒரு வரி போதும். எங்கள் யூனிட்டில் வெள்ளத்துக்கு அப்புறம் இப்படிப் போட்டுப் பார்த்தபோது நாற்பத்தாறு மோல்டில் ஐந்துக்குத்தான் முதல் எண் பெரிதாக வந்தது. அந்த ஐந்தையும் மேல் தட்டில் ஏற்ற ஒரு செயின் பிளாக் (கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி) வாங்கினோம். அந்தச் செலவு கன்சல்டன்ட் ஃபீஸில் பாதிகூட வராது.

ஒரே ஆள் கையில் இருக்கும் சாமான்கள் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவு பெரிய ராணுவத்துக்கே இப்படி என்றால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. குண்டுகளில் தீ மூட்டும் பகுதிக்குக் கரி மருந்து வேண்டும், நம் ஊர் வாணவேடிக்கைக்காரர்கள் பயன்படுத்தும் அதே கந்தகம், கரி, வெடியுப்புச் சேர்க்கைதான். அங்கே அதைச் செய்வதற்கு லூசியானா மாநிலம் மிண்டனில் ஒரே ஒரு ஆலை. 2021 ஜூனில் அது வெடித்தது. பல நூறு வகை ராணுவச் சரக்குக்கு அடிப்படையான பொடி, செய்ய வேறு ஆள் இல்லை. இன்னொன்று 2022 செப்டம்பரில்: எஃப்-35 போர் விமானத்தின் எஞ்சின் பக்கம் ஒரு பம்பில் இருக்கும் சின்னக் காந்தம், அதன் உலோகக் கலவை சீனாவிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் விமானங்களை ஒப்படைப்பதையே நிறுத்திவைத்தார்கள். விமானம் செய்கிற கம்பெனிக்குப் பம்பு செய்கிற கம்பெனி, அதற்குக் காந்தம் கொடுக்கிற கம்பெனி, அதற்கு உலோகம் கொடுக்கிற கம்பெனி. ராணுவத்திலிருந்து பார்த்தால் நான்கு படி கீழே. உங்களிடம் ஓசூர்க்காரர்கள் மெயில் அனுப்பிக் கேட்பது இந்த மாதிரிச் சூடுபட்டதால்தான், உங்களைத் தொல்லை செய்ய அல்ல. நீங்களும் ஒரு படி கீழே போய்க் கேளுங்கள்: காம்பவுண்டுக்காரரின் நைட்ரைல் ரப்பர் எங்கிருந்து வருகிறது? குஜராத் ஆலையா, இறக்குமதியா? ஒரு வகை நின்றால் இன்னொரு வகையில் செய்த காம்பவுண்டுக்கு ஏற்கெனவே சோதனை முடித்து அனுமதி வாங்கி வைத்திருக்கிறாரா? அமைதியான வருடத்தில் இரண்டாவது காம்பவுண்டுக்கு சாம்பிள் போட்டு அனுமதி வாங்கி வைப்பதுதான் என்னைக் கேட்டால் நீங்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய முதலீடு. வெள்ளம் வடிந்த பிறகு போய்க் கேட்டால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

"சரக்கைச் செய்து அடுக்கி வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். ரப்பரில் அது அவ்வளவு சுலபமில்லை. சீல் பாக்கெட்டில் எந்த வருடம் எந்தக் காலாண்டில் வெந்தது என்று போடுகிறோம் அல்லவா, ஆயுள் அன்றிலிருந்து ஓடுகிறது. ஒப்படைக்கும்போது ஆயுளில் பெரும்பகுதி மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆர்டரில் போட்டிருப்பார்கள், இரண்டு வருடம் உங்கள் பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தால் திரும்பி வரும். வேகவைக்காத காம்பவுண்டு இன்னும் மோசம், நம் ஊர் மே மாத வெயிலில் சில வாரங்களிலேயே தானாக வேக ஆரம்பித்துவிடும். அதனால் இரண்டு, மூன்று மாதத் தேவைக்குச் செய்து வையுங்கள், முதலில் செய்தது முதலில் போகட்டும். அதையும் அதே ஷெட்டில் வைக்காதீர்கள். திண்டிவனத்திலோ வேறெங்கோ மேடான இடத்தில், மோட்டாரும் வெல்டிங்கும் பக்கத்தில் இல்லாத அறையாக இருக்கட்டும், அவற்றின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும். இன்னும் நல்லது, வாங்குகிறவர் குடோனிலேயே வைக்க ஏற்பாடு செய்து, எடுக்கும்போது பில் போடுவது. சம்மதிப்பார்களா என்றால், பி.சி.பி. கேட்டு மெயில் அனுப்பியிருக்கிற இந்த நேரத்தில் பேசினால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தை நாலு இடத்தில் காப்பி எடுத்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அது கட்டுப்பாட்டில் உள்ள காப்பி, எண் போட்டு உங்களிடம் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது காப்பி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், கிடைத்தால் பேங்க் லாக்கரில் வையுங்கள். கம்ப்யூட்டர் பேக்கப்புக்கும் இதேதான், நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாக ஒன்று இருக்க வேண்டும். 2017-இல் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை ஒரு வைரஸ் தாக்கி உலகம் முழுக்க அதன் நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்தும் சர்வர்கள் அழிந்தபோது, கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரண்ட் இல்லாததால் அப்படிப்பட்ட ஒரே ஒரு சர்வர் தப்பியது, அதை வைத்துத்தான் நெட்வொர்க்கை மீட்டார்கள். மின்வெட்டு ஒருவரைக் காப்பாற்றிய கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆட்களைப் பற்றி ஃபைல்களில் அரைப் பக்கம்தான் இருக்கும், அதுவும் தொலைபேசிப் பட்டியல். யுக்ரைன் போர் ஆரம்பித்த பிறகு ஸ்டிங்கர் ஏவுகணையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்தபோது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள், எழுபது வயதுக்காரர்களைக் கூப்பிட்டு வந்து இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். உங்கள் யூனிட்டிலும் ஒருவர் இருப்பார். பிரஸ்ஸைத் திறக்கும் சத்தத்தை வைத்தே சரியாக வெந்ததா இல்லையா என்று சொல்கிற ஆள். எங்களிடம் பாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளத்தில் அவர் வீட்டுச் சுவர் விழுந்து, மாட்டையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். முதலாளி மூன்றாம் நாளே போன் போட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார், வந்தும் மனசு சரியாக இல்லை. தொழிலாளி வீட்டில் தண்ணீர் இருக்கும்வரை உங்கள் ஷெட்டில் தண்ணீர் வடிந்து பிரயோஜனம் இல்லை. திட்டத்தில் எழுதுங்கள்: புயல் எச்சரிக்கை வந்ததும் ஆளுக்கு ஐயாயிரம் முன்பணம், ஒரு தார்ப்பாய், பிறகு வீடு சரிசெய்ய நாலு நாள் சம்பளத்தோடு விடுப்பு. தானே புயலில் 2011 டிசம்பர் 30-க்கு அப்புறம் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

"புயல் வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்" என்று கேட்டீர்களே, அதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் பழைய கதை. 1760 கடைசியில் எயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் தரை வழியாகவும் கடல் வழியாகவும் முற்றுகையிட்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு உணவு வர ஒரே வழி கடல், அவருடைய கப்பற்படையோ 1759 செப்டம்பர் சண்டைக்கு அப்புறம் மொரீஷியஸ் பக்கம் போனது போனதுதான். ஊருக்குள் சாப்பாடு மிச்சப்பட வேண்டும் என்று நம் ஜனங்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார், அவர்கள் இரண்டு படைக்கும் நடுவில் நாள்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். அப்போது, 1761 புத்தாண்டு நாளில், பெரும் புயல் ஒன்று அடித்து ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்தது, பல கப்பல்கள் மூழ்கின, கரை தட்டின. லாலி துள்ளிக் குதித்திருப்பார். வழி திறந்துவிட்டது, அரிசிக் கப்பல் அனுப்புங்கள் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவசரக் கடிதம் எழுதினார். ஆனால் ஆங்கிலேயர்கள் சிதறிய கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றார்கள். ஜனவரி 16-ஆம் தேதி ஊர் சரணடைந்தது. புயல் இரண்டு தரப்புக்கும் பொதுதான். ஒருவனிடம் மீள்வதற்குக் கப்பல் இருந்தது, மற்றவனிடம் ஒரு வாரத்துக்குச் சோறு இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும்.

பண விஷயம் ஒன்று பாக்கி. பாதுகாப்புத் துறையின் வழக்கமான ஒப்பந்தங்களில் தவிர்க்க முடியாத நிகழ்வுகள் பற்றிய பிரிவு இருக்கும். புயல், வெள்ளம் எல்லாம் அதில் வரும், ஆனால் ஆரம்பித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், முடிந்ததும் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும், வர்த்தக சபை மாதிரி ஓர் அமைப்பின் சான்றும் வேண்டும். ஓசூர்க்காரர்கள் உங்களுக்குக் கொடுத்த ஆர்டரில் இது அப்படியே இறங்கியிருக்கிறதா, நாள்கணக்கு எத்தனை என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்கள் முதலாளி தினமும் போனில் நிலைமையைச் சொன்னார், அவர்களும் "பரவாயில்லை சார், முதலில் பத்திரமாக இருங்கள்" என்றார்கள். கடிதம் போகவில்லை. பதினோராவது நாள் எனக்கு ஞாபகம் வந்தது. தாமத அபராதம் பில்லில் கழிந்தது, போனில் பேசிய நல்ல மனிதர் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடிதத்தை இப்போதே டைப் செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள்.

ஆக மொத்தம் நீங்கள் அனுப்ப வேண்டியது நாலு பக்கம். நாள்கணக்குப் பட்டியல், மேலே தூக்கி வைத்த மோல்டுகள், இரண்டாவது காம்பவுண்டுக்கு எப்போது சாம்பிள் போடப்போகிறீர்கள் என்ற தேதி, யார் யாருக்குப் போன். இல்லாததை இருப்பதாக எழுதாதீர்கள், "இது எங்களிடம் இல்லை, மார்ச்சுக்குள் செய்வோம்" என்று எழுதினால் நல்ல ஆடிட்டர் மதிப்பார்.

அப்புறம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இப்போது வெள்ளம் என்று வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். நாங்கள் முதல் முறை செய்தபோது பதினோரு எண்ணில் மூன்று உபயோகத்தில் இல்லை, மோல்டுக்காரர் எண்ணை அவர் மகள் எடுத்து அப்பா கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது என்றாள், ஜெனரேட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.